புதுப்பிப்பு: அந்தக் 'கண்ணு' விவகாரம்

நான் பழகிவரும் ஒருவர் மூன்றாவது சந்திப்பிலேயே என்னைக் 'கண்ணு' என்றார், இது காதலா என்று போன வாரம் கேட்டிருந்தேனே, அது.

நேற்று குன்னூர் சிம்ஸ் பூங்கா வாசலில் சோளம் விற்ற பையனிடம், "கண்ணு, உப்பு கொஞ்சம் தூக்கலா போடு" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மேட்டுப்பாளையத்துக்காரர், கொங்குப் பக்கம் கண்ணு, சாமி, தங்கம் எல்லாம் பொதுச்சொத்து. நாங்களோ 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தேயிலைத் தோட்டக் குடும்பம். என்னைக் கண்ணு என்றது அப்பா மட்டும்தான்.

நேராகவே கேட்டேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. "கண்ணு எல்லாருக்கும்தான். பிடிச்சவங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்."

சரி, யோசித்தால் கேரட் பேரம் பேசும்போதுகூட என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் 'ஓடிவிடு' என்று பதில் போட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.