படத்துல வெள்ளைக் கொக்கின் இறகு வெளுத்துப் போகுது, வழி சொல்லுங்க

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமை காலைல நஞ்சராயன் குளத்துக்குப் போயிருந்தேன். திருப்பூர்ல இருந்து ஊத்துக்குளி ரோட்டுல இருக்கே, 2024-ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்த அதே குளம்.

ஆறே முக்காலுக்கு ஒரு சின்னக் கொக்கு பறந்துச்சு. கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள். அந்த விரல்ல இருந்து தண்ணி நூலாட்டம் இழுபட்டு வந்தது படத்துல தெளிவா விழுந்திருக்கு. ஆனா முதுகும் இறக்கையும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெறும் வெள்ளை, ஒரு இறகுகூடப் பிரிஞ்சு தெரியல. இத்தனைக்கும் வெயில் இன்னும் ஏறலை.

70-300 லென்ஸ், ஷட்டர் 1/800, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400. மீட்டரிங், அதாவது கேமரா வெளிச்சத்தை அளக்கறதை, மொத்த ஃப்ரேமுக்கும் வச்சிருந்தேன். பின்னாடி தண்ணி இருட்டா இருந்ததால கேமரா வெளிச்சத்தைக் கூட்டிருச்சுன்னு நினைக்கிறேன். இந்த மாதிரி இடத்துல எக்ஸ்போஷரை (படத்துல விழற வெளிச்சத்தை) மைனஸ் ஒண்ணுக்கு இறக்குவீங்களா, இல்ல ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கற ஸ்பாட் மீட்டரிங்கைப் பறவை மேலயே வைப்பீங்களா? பறக்கறப்ப ஸ்பாட் நிக்குமான்னுதான் எனக்குச் சந்தேகம். எடுத்தது ஜேபெக்ல (கேமராவே சுருக்கிச் சேமிக்கற ஃபைல்), இனி அந்த இறகை மீட்க முடியுமா?

அந்தியூர்க் குதிரைச் சந்தைப் படம் போட்ட அண்ணா, அந்த வெள்ளைக் குதிரையோட பிடரி மயிர் ஒவ்வொண்ணா எண்ணலாம் போல இருந்துச்சு. அன்னைக்கு என்ன செட்டிங் வச்சீங்கன்னு சொன்னீங்கன்னா பெரிய உதவிங்க.

படம் கீழே இருக்கு. "சூப்பர்"னு மட்டும் போட்டுட்டுப் போயிராதீங்க, குறையைச் சொல்லுங்க. வர்ற சனிக்கிழமை மறுபடியும் போறேன்.