பிள்ளைகள் வளர்க்க நல்ல கறி ஆட்டுக்குட்டி: எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது?

பாக்காப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில், பினாங்கு சுங்கை பாக்காப் பக்கம். எங்கள் கோயில் இளைஞர் பிரிவில் 13 முதல் 17 வயது வரை பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். சனி ஞாயிறு முழுக்கக் கைப்பேசியோடு கிடக்கிறார்களே, ஒரு பொறுப்பு கொடுப்போம் என்று போன வருடம் ஆடு வளர்க்க ஆரம்பித்தோம், இரண்டு பேருக்கு ஒரு குட்டி என்ற கணக்கில். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு வியாபாரியிடம் ஆறு குட்டி வாங்கினோம். லோரியிலிருந்து இறக்கும்போதே இரண்டு குட்டி கழிந்துகொண்டிருந்தன. பயண அலுப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார், நம்பிவிட்டேன். மூன்று வாரத்தில் மூன்று குட்டி செத்துப்போயின. ஒன்றுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்து பை மாதிரி தொங்கியது. அதை வளர்த்த பெண்ணுக்கு 14 வயது, அன்றைக்கு இருட்டும் வரை கொட்டகையை விட்டு வரவில்லை. இன்னொரு முறை அந்தப் பிள்ளை கையில் நோய்க்குட்டியைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

இப்போது மறுபடி தொடங்கப்போகிறோம். கையில் 4,000 வெள்ளி இருக்கிறது. பிள்ளைகள் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு, தலை சிவப்பு உடம்பு வெள்ளை, அந்தப் போயர்தான் வேண்டும் என்கிறார்கள். பினாங்கிலோ பக்கத்திலோ நல்ல குட்டி எங்கே கிடைக்கும்? போய் நின்றால் எதைப் பார்க்க வேண்டும்?

வெள்ளாடு68:

தம்பி, அந்தத் தாடை வீக்கம் பெரும்பாலும் வயிற்றில் இருந்து ரத்தம் உறிஞ்சும் புழுவால் வருவது. ரத்தம் குறையக் குறைய நீர் இறங்கிக் கழுத்தடியில் நிற்கும். குட்டி உங்களிடம் வந்த பிறகு பிடித்த நோய் இல்லை, வரும்போதே கொண்டு வந்திருக்கும், அதனால் உங்கள் பிள்ளைகள் வளர்ப்பில் குறை என்று நினைக்காதீர்கள், அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

முதல் காரியம், வியாபாரியை விடுங்கள். நாலு ஊர் ஆட்டை ஒரே பட்டியில் அடைத்தால் நாலு ஊர் நோயும் அங்கே இருக்கும். தாய் ஆடு வைத்துக் குட்டி எடுக்கிற பண்ணையைத் தேடுங்கள். உங்கள் மாவட்டக் கால்நடை சேவைத் துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், அவர்கள் பார்த்து வருகிற பண்ணைகள் இருக்கும். கெடா, பேராவிலிருந்து கொண்டு வருவதானால் மாநில எல்லை தாண்ட அதே துறையின் பெர்மிட் வேண்டும், மறக்காதீர்கள். தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முன்னால் வாங்காதீர்கள், அப்போது விலையும் ஏறும், கழித்துப்போட வேண்டியதெல்லாம் சந்தைக்கும் வரும்.

காலையில் தீனி போடுகிற நேரத்துக்குப் போங்கள். தீனிக்கு ஓடி வராமல் மூலையில் நிற்பதைத் தொடவே வேண்டாம். ஓடி வந்ததைப் பிடித்து, கட்டைவிரலால் மேல் இமையை லேசாக அழுத்தியபடி கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். உள்சதை நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிய ரோஜா நிறம் என்றாலே யோசியுங்கள், வெள்ளை என்றால் விட்டுவிடுங்கள். இதற்கே தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்று ஐந்து நிறம் போட்ட அட்டை செய்திருக்கிறார்கள், 4, 5 வந்தால் புழு மருந்து கட்டாயம். அப்புறம் வாலைத் தூக்குங்கள், பின்பக்கம் காய்ந்திருக்க வேண்டும், புழுக்கை உருண்டையாக விழ வேண்டும். தாடைக்கடியிலும் காதுக்குக் கீழும் தோளுக்கு முன்னாலும் விரலை ஓட்டுங்கள். கொட்டைப்பாக்கு அளவு கட்டி தட்டுப்பட்டால் அந்த ஆடு மட்டுமில்லை, அந்தப் பட்டியே வேண்டாம். அது உடைந்து சீழ் வந்தால் மண், மரம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், பிறகு உங்கள் கொட்டகையை விட்டுப் போகாது. கடைசியாகத் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

தோட்டத்துப் பொண்ணு:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முழுப் போயருக்கு ஆசைப்படாதீர்கள் தம்பி. தென்னாப்பிரிக்காவில் காய்ந்த பூமியில் வளர்த்தெடுத்த ஆடு அது, நம் மழைக்கும் ஈரப் புல்லுக்கும் வரும் புழுவைத் தாங்குவது கஷ்டம். எங்கள் பாட்டி செம்பனைத் தோட்டத்து லைனில் காச்சாங் ஆடு வைத்திருந்தார், நம் நாட்டு ஆடு. சிறியதுதான், ஆனால் எதைத் தின்றாலும் நிற்கும், இரட்டைக் குட்டியும் போடும். இப்போது நான் வைத்திருப்பது காச்சாங் தாய்க்குப் போயர் கிடா சேர்த்த குட்டிகள். பிள்ளைகள் கேட்கிற சிவப்புத் தலையும் வரும், நம் மண்ணின் உரமும் இருக்கும்.

பால் மறந்த குட்டியாக, மூன்று மாதம் தாண்டியதாக எடுங்கள். தாயை விட்டுப் பிரித்த மறுநாளே லோரி ஏற்றினால் கழிச்சல் வரத்தான் செய்யும், பால் மறந்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் எடை போட்டுக் கிலோ கணக்கில் வாங்குங்கள். தராசு இல்லை என்றால் தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை ஒரு அளவு. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் தோராயமாகக் கிலோ வரும். 60 சென்டிமீட்டர் சுற்று, 55 நீளம் என்றால் 18 கிலோ. வாராவாரம் பிள்ளைகளே அளந்து நோட்டில் எழுதட்டும், எடை நின்றுபோனால் நோய் வெளியே தெரிவதற்கு முன்னாலேயே நோட்டு காட்டிக்கொடுக்கும்.

வந்ததும் மற்ற ஆட்டோடு விடாதீர்கள், மூன்று நான்கு வாரம் தனியாக வையுங்கள். தரை மண்ணில் வேண்டாம், இடைவெளி விட்ட பலகை போட்ட பரண் கொட்டகைதான் நமக்குச் சரி, புழுக்கை கீழே விழுந்துவிடும். வாயைச் சுற்றிப் புண் உள்ள குட்டியைப் பிள்ளைகள் வெறும் கையால் தொடக்கூடாது, அது மனிதருக்கும் வரும்.

பட்டர்வொர்த் கொட்டகை:

அந்த அமெரிக்க வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கேயும் போயர் 1993-இல்தான் போய்ச் சேர்ந்தது. அங்கே பிள்ளைகள் வளர்ப்பது பெரும்பாலும் காயடித்த கிடா, கண்காட்சியில் காட்டி ஏலத்தில் விற்பார்கள். அதைப் பார்த்து இங்கே தானியத்தை அள்ளிப் போடாதீர்கள். ரொம்பச் சின்ன வயதில் காயடித்த கிடாவுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலாக இருக்கும், தானியம் கூடினால் கல் அடைக்கும். என் கிடா ஒன்று ஒரு ராத்திரி முழுக்க முதுகை வளைத்து முக்கிக்கொண்டே நின்று விடியற்காலையில் போய்ச் சேர்ந்தது, நான் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தேன். நேப்பியர் புல்லும் பெத்தாய் பெலாலாங் (சவுண்டல்) தழையும்தான் முக்கால் தீனியாக இருக்க வேண்டும். செம்பனைப் பிண்ணாக்கு கொஞ்சம் கொடுக்கலாம், ஆனால் கூடவே செம்மறி வைத்திருந்தால் அதற்குக் காட்டாதீர்கள், அதில் இருக்கும் செம்புச் சத்து செம்மறியைக் கொன்றுவிடும்.

புல்லை வெயில் ஏறி, பனி காய்ந்த பிறகு அறுங்கள், அதுவும் அடியை விட்டு மேலே. புழுக் குஞ்சு ஈரத்தில்தான் புல் நுனிக்கு ஏறும்.

பாக்காப் பையன்:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. நாங்கள் ஆடுகளை விடிந்ததும் ஆற்றோரம் ஈரப் புல்லில்தான் மேய விட்டுக்கொண்டிருந்தோம், மிச்சம் இருக்கிற மூன்றையும் இன்றே நிறுத்திவிட்டேன். சாயங்காலம் மூன்றுக்கும் இமை இறக்கிப் பார்த்தோம். இரண்டு சிவப்பு, ஒன்று வெளிறியிருக்கிறது. அதை நாளைக்குக் கால்நடை அலுவலகத்துக்குத் தூக்கிப் போகிறேன், பண்ணை விவரமும் அங்கேயே கேட்கிறேன். அந்தப் பெண்ணிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். நாடா அவள் அம்மாவின் தையல் பெட்டியில் இருக்கிறதாம், குட்டி பார்க்கப் போகும்போது அவளும் வருகிறாள்.

தோட்டத்துப் பொண்ணு:

வரட்டும். இமையை அவளையே இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.