மவுசாகலையில் 14 அடி வள்ளத்துக்கு கரன்ட் மோட்டர்: எத்தனை றாத்தல் எடுக்கலாம்?

மஸ்கெலியா_துடுப்பு

வணக்கம் அண்ணமாரே. மவுசாகலை நீர்த்தேக்கத்துல திலாப்பியாவுக்கு வலை போடுற 14 அடி ஃபைபர் வள்ளம் ஒன்னுக்கு கரன்ட் மோட்டர் பூட்டலாம்னு இருக்கோம். இப்ப துடுப்புதான். விவரம் இது:

வள்ளம் வெறுமையா 130 கிலோ வரும். ஆள் ரெண்டு பேர். கரையிலிருந்து வலை போடுற இடம் 2 கிலோமீட்டர், வலை இழுக்கிறப்ப இன்னும் 1 கிலோமீட்டர் அங்க இங்க ஓடும். காலையில ஒரு தரம் மட்டும். சாமான் எல்லாம் ஏத்தினா விளிம்பிலிருந்து தண்ணிக்கு 11 அங்குலம். ரெண்டு பக்கமும் கூரான வள்ளம், மோட்டர் பூட்டுற பின்பலகை கிடையாது.

கடையில 30, 55, 86 றாத்தல்னு மூனு காட்டுறாங்க, எல்லாமே 12 வோல்ட்னு சொல்றாங்க. பெருசா எடுத்தா வேகமா போகுமா? பழைய லொறி பெட்டரி ஒன்னு கைவசம் இருக்கு, அது போதுமா? சார்ஜ் பண்றது லயத்துலதான்.

கொத்மலை_வலை

தம்பி, றாத்தல் (பவுண்ட்) என்பது தள்ளும் பலம், வேகம் இல்லை. இந்த மோட்டர்களின் விசிறி மெதுவாகச் சுற்றும் வகை. 30 போட்டாலும் 55 போட்டாலும் இப்படிப்பட்ட வள்ளம் மணிக்கு 5, 6 கிலோமீட்டரைத் தாண்டாது. காற்றை எதிர்த்துப் போகும்போதும், பாரம் கூடும்போதும்தான் பெரிய மோட்டரின் அருமை தெரியும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். வள்ளம் 130, ஆட்கள் 130, பெட்டரி 27, மோட்டர் 10, வலையும் மீனும் 70. மொத்தம் 367 கிலோ. அமைதியான தண்ணீரில் 45 கிலோவுக்கு 2 றாத்தல் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு, அதன்படி 16 றாத்தல் வருகிறது. ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும் இடத்தில் 16ஐ நம்பி இறங்கக் கூடாது. இரண்டு மடங்கு வையுங்கள். 40 றாத்தல் உங்களுக்குத் தாராளம். 30இல் போய் வரலாம், காற்று நாளில் கையைக் கடிக்கும். 55 கிடைத்தால் கெடுதல் இல்லை, அரைவாசி வேகத்தில் ஓட்டுங்கள்.

12 வோல்ட்டில் 86 றாத்தல் என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: முழு வேகத்தில் எத்தனை அம்பியர் இழுக்கும்? 12 வோல்ட் மோட்டரில் ஒரு றாத்தலுக்கு ஏறத்தாழ ஒரு அம்பியர். 30 றாத்தல் என்றால் 30 அம்பியர், 55 என்றால் 50க்குக் கிட்ட. பெட்டியில் 86 றாத்தல் என்றும் தகட்டில் 50 அம்பியர் என்றும் இருந்தால் அந்த 86 வெறும் ஸ்டிக்கர். உண்மையிலேயே 80க்கு மேல் தள்ளுபவை பெரும்பாலும் 24 வோல்ட், அதற்கு இரண்டு பெட்டரி வேண்டும்.

தண்டின் நீளத்தையும் பாருங்கள். விளிம்பிலிருந்து தண்ணீருக்கு 10 அங்குலத்துக்குள் என்றால் 30 அங்குலத் தண்டு போதும். உங்களுக்கு 11, ஆகவே 36 அங்குலம். குட்டையானதைப் போட்டால் அலையில் விசிறி காற்றை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றும், கரன்ட்தான் வீண்.

வயரிங்_நோர்வூட்

மோட்டரைப் பற்றி மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். காசு போக வேண்டிய இடம் பெட்டரியும் வயரும்.

லொறி பெட்டரி வேண்டாம். அது எஞ்சினை ஸ்டார்ட் பண்ண சில விநாடி பெரிய கரன்ட் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் செய்தது. தினமும் பாதிவரை இறக்கினால் தகட்டிலிருந்து பூச்சு உதிர்ந்து சீக்கிரமே செத்துவிடும். டீப் சைக்கிள் (ஆழமாக இறக்கி ஏற்றும் வகை) என்று போட்ட 100 ஏ.எச். (அம்பியர்-மணி, பெட்டரியின் கொள்ளளவு) எடுங்கள். வீட்டு இன்வேர்ட்டருக்கு விற்கும் உயரமான டியூபியூலர் பெட்டரியும் ஆழமாக இறங்கும் வகைதான், ஆனால் 150 ஏ.எச். ஒன்று 50 கிலோவைத் தாண்டும். ஆடுகிற வள்ளத்தில் சாய்ந்தால் எசிட் கொட்டும்.

இப்போது பலர் ஏமாறும் இடம். 100 ஏ.எச். என்பது 5 அம்பியர் வீதம் 20 மணித்தியாலம் இறக்கினால் கிடைக்கும் அளவு. 40 அம்பியர் இழுத்தால் அதே பெட்டரி ஏறத்தாழ 65 ஏ.எச்.தான் தரும், 20 அம்பியரில் 75. ஆயுளுக்காக அதிலும் பாதியைத்தான் தொடலாம்.

உங்கள் 5 கிலோமீட்டரை முழு வேகத்தில், மணிக்கு 5.5 கிலோமீட்டரில் ஓடினால் 55 நிமிடம். 40 அம்பியர் வீதம் 37 ஏ.எச். ஆகிறது. கையில் இருப்பது 33. பற்றாது. அதையே 4 கிலோமீட்டர் வேகத்தில், 20 அம்பியரில் ஓடினால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் 25 ஏ.எச்., கையில் இருப்பது 37. இருபது நிமிடம் கூடச் செலவாகும், ஆனால் எதிர்க்காற்றுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

வயர்: வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 6 சதுர மில்லிமீட்டர் வயரை 3 மீட்டர் தூரத்துக்குப் போட்டால் போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர். 50 அம்பியரில் 0.9 வோல்ட் அதிலேயே விழுந்துவிடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.35 வோல்ட்டோடு முடிந்தது. அந்தத் தடிப்பில் வெல்டிங் கேபிள் எடுங்கள், வளையும், பாதத்தில் மிதிபட்டாலும் தாங்கும். முனைக்கு செப்பு லக் (வளைய முனை), அதை வயரோடு அழுத்திப் பிடிக்க ஹைட்ரோலிக் கிரிம்ப், மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை). பெட்டரி முனையில் கையால் திருகும் காது நட் வேண்டாம். ஆட்டத்தில் அது தளரும், தளர்ந்த இடம் சூடாகி ஈயம் உருகும். நைலோன் பூட்டு நட் போட்டு ஸ்பானரால் இறுக்குங்கள்.

பொசிட்டிவ் வயரில், பெட்டரிக்குப் பக்கத்திலேயே, 60 அம்பியர் டி.சி. பிரேக்கர். வீட்டு போர்டில் இருக்கும் ஏ.சி. பிரேக்கரைக் கழற்றிப் போடாதீர்கள், டி.சி. கரன்ட்டின் பொறியை அது அணைக்காது. விசிறியில் கட்டை சிக்கி மோட்டர் நின்றால் கரன்ட் எகிறும், அப்போது வயரைக் காப்பாற்றுவது இந்தப் பிரேக்கர் மட்டும்தான்.

மேல்கொத்மலை_88

மோட்டர் வாங்குறதுக்கு முந்தி நெக்டா (நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) அலுவலர்கிட்டயும் உங்க மீனவர் சங்கத்துலயும் எழுத்துல அனுமதி கேளுங்க. துடுப்பு வள்ளத்துக்கு எடுத்த பதிவு மோட்டர் வள்ளத்துக்குச் செல்லும்னு நீங்களா நெனைக்காதீங்க. அணைக்கட்டு, வான்கதவு, தண்ணி உறிஞ்சுற வாய் எதுக்கும் கிட்ட போகாதீங்க. 40 றாத்தல் மோட்டர் அந்த இழுவைக்கு முன்னால ஒன்னுமே இல்ல. லைஃப் ஜெக்கட், துடுப்பு ரெண்டும் எப்பவும் வள்ளத்துல இருக்கணும்.

ஹட்டன்_சோலார்

நோர்வூட் அண்ணன் லித்தியத்தைத் தொடவே இல்லையே. தினமும் ஓடுற வள்ளத்துக்கு லித்தியம் இரும்புப் பொஸ்பேட் 100 ஏ.எச். தான் என் தெரிவு. எடை 11 முதல் 13 கிலோ. 80 வீதம் வரை இறக்கலாம், கூடுதல் அம்பியரில் கொள்ளளவும் பெரிதாகக் குறையாது. முதலில் விலை குத்தும், ஆனால் வழக்கமான லெட் எசிட் பெட்டரியை மாற்றிக்கொண்டே இருக்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

வாங்கும்போது உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பெட்டரியைக் காக்கும் மின்சுற்று) எத்தனை அம்பியர் என்று கேளுங்கள். 50 அம்பியர் பி.எம்.எஸ். உள்ளது 55 றாத்தல் மோட்டருக்கு முழு வேகத்தில் வெட்டிவிடும். 100 அம்பியர் உள்ளதை எடுங்கள். சார்ஜர் 14.6 வோல்ட் லித்தியம் சார்ஜராக இருக்க வேண்டும். 0 பாகைக்குக் கீழேதான் சார்ஜ் பண்ணக் கூடாது, மஸ்கெலியாக் குளிருக்குப் பயமில்லை.

வயரிங்_நோர்வூட்

லித்தியம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கடைசிவரை 13 வோல்ட்டைக் காட்டிக்கொண்டே இருந்து, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஷன்ட் (கரன்ட்டை அளக்கும் துண்டு) வைத்த ஏ.எச். மீட்டர் இல்லாமல் நடுத்தண்ணிக்குப் போகக் கூடாது. வோல்ட் கூட என்பதால் முழு வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டரும் சூடாகும்.

லெட் எசிட்டில் வோல்ட் மீட்டரே கதை சொல்லும். ஓட்டம் முடிந்து ஒரு மணித்தியாலம் விட்டு அளந்தால் 12.7 நிறைவு, 12.2 பாதி. 12.2க்குக் கீழே போனால் தூரத்தையோ வேகத்தையோ குறையுங்கள். எதை வாங்கினாலும் அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். லெட் எசிட்டுக்கு 10 அம்பியர் சார்ஜர், பாதியிலிருந்து நிறைய 6 முதல் 8 மணித்தியாலம், ஒரு யூனிட்டுக்குள் முடியும். அடுப்பு எரியும் காம்பராவுக்குள் மட்டும் வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வரும். காற்றோட்டமான வாசல் பக்கம், மழை படாத இடம்.

கொத்மலை_வலை

விசிறிப் பக்கத்தை யாரும் பேசவில்லை. வலைக்காரர்களின் மோட்டர் சாவது பெரும்பாலும் தங்கூசியால் (நைலோன் நூல்). அறுந்த நூல் விசிறிக்குப் பின்னால் தண்டில் சுற்றி, உள்ளே போய் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுக்கும். தண்ணீர் மோட்டருக்குள் இறங்கும். முதல் அறிகுறி, வழக்கமான வேகத்துக்கே அம்பியர் கூடுவது. பிறகு பிரேக்கர் அடிக்கடி விழும். வாரம் ஒரு தரமாவது பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நட்டை அவிழ்த்து விசிறியை எடுத்து, நூல் இருந்தால் ஊசியால் இழுத்தெடுங்கள். திரும்பப் பூட்டும்போது நட் ஒட்டியபின் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் விசிறி வெடிக்கும்.

தண்டில் குறுக்கே ஒரு சிறு பின் இருக்கும். கட்டையில் மோதினால் அது வளையும் அல்லது முறியும், மோட்டர் சுற்றும், விசிறி சுற்றாது. மவுசாகலையில் தண்ணீர் வற்றும் மாதங்களில் பழைய மஸ்கெலியா நகரத்தின் இடிபாடுகளும் மரக்குற்றிகளும் மேலே வரும் அல்லவா, அவை முழுதாய் வெளியே தெரிவதற்கு முந்திய வாரங்கள்தான் மோசம். அதே விட்டத்தில் பின் இரண்டு, நட் ஒன்று, ஸ்பானர் ஒன்று வள்ளத்திலேயே கிடக்கட்டும். ஆணி வெட்டிப் போடுவார்கள், அது துருப்பிடித்து விசிறியோடு ஒட்டிக்கொள்ளும்.

மஸ்கெலியா_துடுப்பு

ரொம்ப நன்றி அண்ணமாரே. 40க்கே போறோம். கடையில 5 கியர் வச்சது ஒன்னு, கியர் இல்லாம திருகுறது ஒன்னு இருக்கு. எது? அப்புறம் பின்பலகை இல்லாததுக்கு என்ன வழி?

கொத்மலை_வலை

கியர் இல்லாததை எடுங்கள். 5 கியர் வகையில் 1 முதல் 4 வரை உள்ளே ஒரு கம்பிச் சுருள் கரன்ட்டைத் தடுத்துச் சூடாக வீணாக்கும். நோர்வூட் அண்ணன் சொன்ன அந்த 20 அம்பியர் கணக்கு அதில் சரிவராது. திருகும் வகை கரன்ட்டை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் மெதுவாகப் போகும்போது உண்மையிலேயே மிச்சம். மின் கோட்டா (Minn Kota) கம்பனி மோட்டர்களில் எண்டூரா சி2 கியர் வகை, எண்டூரா மெக்ஸ் திருகும் வகை. விலை இடித்து கியர் வகையே எடுத்தால், கரையில் வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்தச் சுருள் தண்ணீரால்தான் குளிரும். பிறகு ஒருநாள் 5இல் மட்டும் ஓடி மற்றதில் ஓடாவிட்டால் சுருள் எரிந்துவிட்டது, மோட்டர் நல்லாத்தான் இருக்கும்.

பூட்டுவதற்கு, வள்ளத்தின் குறுக்கே 2க்கு 4 அங்குல மரம் ஒன்றை, பின்முனையிலிருந்து கால்வாசி நீளத்தில் வையுங்கள். நடுவில் வைத்தால் வள்ளம் திரும்பாது. மரத்தின் ஒரு முனை விளிம்பைத் தாண்டி வெளியே 6 அங்குலம் நிற்கட்டும், அதில் ஒன்றரை அங்குலத் தடிப்புப் பலகை அடித்து மோட்டர் கிளாம்பைக் கடிக்கவிடுங்கள். விளிம்புகளில் ஸ்குரூ அடிக்காதீர்கள், ஃபைபரில் பிடிக்காது. 10 மில்லிமீட்டர் போல்ட் ஊடுருவிப் போய், கீழே பிளைவூட் துண்டும் பெரிய வொஷரும் வர வேண்டும்.

மோட்டர் ஒரு பக்கம் தள்ளுவதால் மூக்கு மறுபக்கம் ஓடும், கைப்பிடியைக் கொஞ்சம் சாய்த்தே பிடிக்க வேண்டியிருக்கும். பெட்டரியை எதிர்ப்பக்கத்தில், நடுவுக்குக் கிட்ட, தாழ்வாக மூடி உள்ள பெட்டிக்குள் பட்டி போட்டுக் கட்டினால் சாய்வு சமனாகும். மோட்டரின் கழுத்திலிருந்து குறுக்கு மரத்துக்கு ஒரு கயிறும் கட்டுங்கள். கிளாம்ப் தளர்ந்து மோட்டர் விழுந்தால் மவுசாகலையின் அடியில் தேட முடியாது.