அல்சூர் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் கோச்சிங் இருக்கா?

குழுவில் எல்லாருக்கும் வணக்கம். வீடு பெங்களூரு அல்சூர்ல, கௌதமபுரா பக்கம். அதான், பெலேவுக்கே சிலை வெச்ச நம்ம ஏரியா! பசங்க விளையாட இடத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லை. ஆனா ஏழாவது படிக்கிற என் பொண்ணுக்குத்தான் டீம் கிடைக்கல. இதுவரை தெருப் பசங்களோட ஆடினா. இப்ப அவங்களே சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க.

2025 ஜூலையில நம்ம பெண்கள் அணி தாய்லாந்தை அவங்க ஊர்லயே 2-1னு ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதிலிருந்து இவளைப் பிடிக்க முடியல. ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டது. கடலூர் இந்துமதி இந்தியாவுக்கு ஆடினதையும், மதுரை சேது எஃப்சி 2019ல இந்தியப் பெண்கள் லீகை ஜெயிச்சதையும் சொல்லித்தான் எங்க மாமியாரைச் சம்மதிக்க வெச்சேன். "கறுத்துப் போயிடுவா"ன்னு அவங்களுக்குக் கவலை.

அல்சூர், இந்திராநகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் பெண் பிள்ளைகளுக்குத் தனி பேட்ச் எங்க நடக்குது? பெண் கோச் இருந்தா ரொம்ப நல்லது. இல்லாட்டியும் மைதானத்துல பாத்ரூம், உடை மாத்த இடம் கட்டாயம் வேணும். நாங்க போய்ப் பார்த்த ஒரு இடத்துல அதுவே இல்லை. பீஸ் மாசம் எவ்வளவு ஆகும்? பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டுல வாங்கினது; கர்நாடகாவுல பிளேயரா பதிவு பண்ண அது போதுமா? பிள்ளையைச் சேர்த்த அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. நேரம் மாலை ஆறுக்குள்ள முடியணும், டியூஷன் இருக்கு.