புதுப்பிப்பு: கிரீஸ் ஏறாத புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டு

எனது பழைய ஃபோர்வீல் ஜீப் புறப்படும்போது அடியில் 'டக்' என்ற சத்தம் எழுவதையும், எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜொயின்ற் (கோணம் மாறினாலும் சுழலவிடும் சிலுவை வடிவ மூட்டு) ஒன்றில் கிரீஸ் ஏற மறுப்பதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

நிப்பிளை, அதாவது கிரீஸ் ஏற்றும் சிறு முனையை, கழற்றிப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனையே பலித்தது. நிலாவெளிக் கரையில் படகு இழுத்ததில் உப்பும் மணலும் புகுந்து, நிப்பிளின் சிறு குண்டை அசையவிடாமல் இறுக்கியிருந்தன. புதியதைப் பூட்டி, லித்தியம் 2ஆம் இலக்கக் கிரீஸை ஏற்றியபோது சிலுவையின் நான்கு முனைகளை மூடும் பெயாரிங் கிண்ணங்களில் மூன்றின் சீல்களில் முதலில் துருநிற நீரும் பின்னர் சுத்தமான கிரீஸும் கசிந்தன. நான்காவதில் எதுவும் வரவில்லை. சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தபடி மெதுவாக அழுத்தியதும் அதுவும் வழிவிட்டது.

நான் எதிர்பாராதது, சத்தம் பாதிதான் குறைந்தது என்பதே. மீதி, ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடந்தரும் ஸ்லிப் ஜொயின்றின் காய்ந்துபோன பற்களிலிருந்து வந்தது. அங்கும் கிரீஸ் இட்டபின் நின்றுவிட்டது. ஆனால் ஸ்லிப் ஜொயின்றின் நிப்பிளில் தயவுசெய்து அளவுக்கு மீறி ஏற்றாதீர்கள்: உள்ளே அடைபட்ட கிரீஸ், ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாஃப்ட்டைச் சுருங்க விடாமல் பெயாரிங்குகளை நெருக்கும்.

நான்காவது கிண்ணத்தின் ஊசி உருளைகள் தேய்ந்திருக்கலாம் என்பதால் புதிய ஜொயின்ற் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.