எர்த்ஸீ ரெண்டாம் புத்தகம்: முதல் நாலு அத்தியாயத்தைத் தள்ளிட்டுப் படிக்கலாமா?

கோத்தகிரிக்காரி:
நேத்து குன்னூர் பாசஞ்சர் இங்க எழுதினது இது: "உர்சுலா லெ குவினோட எர்த்ஸீங்கற மந்திரவாதிக் கதை வரிசைல ரெண்டாம் புத்தகம், அட்டுவான் கல்லறைகள், ஒரே இழுவை. நாயகன், மந்திரவாதி கெட், அஞ்சாம் அத்தியாயத்துலதான் வர்றான். பசங்க அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்." படிச்சதுலருந்து எரிச்சல் அடங்கலை. இருக்கறதே 12 அத்தியாயம். அதுல நாலைத் தள்ளுன்னு ஊருக்கு உபதேசம் பண்ண இவருக்கு எப்படி மனசு வந்துச்சு?

குன்னூர் பாசஞ்சர்:
அக்கா, அஞ்சுலதான் வர்றானா இல்லையா? அதுக்குப் பதில் சொல்லுங்க. 1968ல வந்த முதல் புத்தகத்துல ரோக் தீவுப் பள்ளி, டிராகன், நிழலைத் துரத்திக் கடல் முழுக்கப் படகு. அதை முடிச்சுட்டு வர்ற பையன் கெட்டைத் தேடுவான். கிடைக்கறது பாலைவனத்துல ஒரு கோயிலும் பூசாரிணிகளும். அங்கேயே மூடி வெச்சுடுவான்.

கோத்தகிரிக்காரி:
அஞ்சுலதான் வர்றான். வரட்டும். அவன் கதைன்னு உங்களுக்கு யார் சொன்னது? அது டெனார் கதை.

தொடக்கக் காட்சியில ஆப்பிள் தோட்டத்துல ஓடற குழந்தையை அம்மா "டெனார்"னு கூப்பிடறா. அடுத்து அவளைப் பூசாரிணியாக்கி, அந்தப் பேரைப் பிடுங்கிட்டு "ஆர்ஹா"ன்னு ஆக்கிடறாங்க. விழுங்கப்பட்டவள்னு அர்த்தம். ஏழாம் அத்தியாயத்துல கெட் அந்தப் பழைய பேரைத் திருப்பிக் கொடுக்கறான். பறிபோனதைப் பாக்காதவனுக்குத் திரும்பக் கிடைச்சது எப்படி உறைக்கும்?

மூணாம் அத்தியாயத்துல கல்லறைக்கு அடியில இருக்கற குகைக்குள்ள போறா. அங்க விளக்கு கூடவே கூடாது. சுவரைத் தடவி, திருப்பத்தை எண்ணி, வழியை மனப்பாடம் பண்ணணும். ஒண்ணு தப்பினா வெளிய வர முடியாது. இது தெரிஞ்சாத்தான் அஞ்சாம் அத்தியாயத்துல கெட்டோட கோல் நுனில எரியற வெளிச்சம் எவ்வளவு பெரிய அத்துமீறல்னு புரியும். அவ நடந்து பழகின குகையையே அப்பத்தான் முதல் தடவை கண்ணால பாக்கறா!

அதே மூணாம் அத்தியாயத்துல, அவ உத்தரவுப்படி மூணு கைதிங்க பட்டினி கிடந்து சாகறாங்க. நாலுல அந்தக் கைதிங்களோட கனவு அவளைத் தூங்க விடலை. மந்திரவாதிங்க அங்க ஏன் வர்றாங்கன்னு தார்ங்கற பூசாரிணி சொல்றதும் அந்த நாலுலதான். அப்புறம் குகைக்குள்ள அடைபட்டுக் கிடக்கற கெட்டுக்கு ஏன் தண்ணி கொடுத்தா? மூணைப் படிக்காதவனுக்கு அது வெறும் இரக்கம்.

கேத்தி வாத்தியார்:
ரெண்டு பேரும் "கெட்"னு எழுதறீங்க. "ஜெட்"தான் சரி.

கோத்தகிரிக்காரி:
இல்லீங்க சார். 'ஜ' ஒலி இல்லை, 'க' ஒலிதான்னு லெ குவினே சொல்லியிருக்காங்க. 'கெட்'தான்.

கேத்தி வாத்தியார்:
தமிழ்ல "கெட்"னு எழுதினா "கெட்டுப்போன"ங்கற நினைப்புதான் வருது. பசங்க சிரிப்பாங்க.

கோத்தகிரிக்காரி:
சிரிச்சா சிரிக்கட்டும். அதுக்காகப் பேரை மாத்த முடியாது.

கல்லட்டி 36:
திருப்பம் எண்ற விஷயத்தை நம்ம ஊர்ப் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கல்லட்டி இறக்கத்துல 36 கொண்டை ஊசி வளைவு, பனி மூடினா எண்ணிக்கைதான் கை கொடுக்கும். அதனால அந்தக் குகை அத்தியாயம் இழுவைன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

குன்னூர் பாசஞ்சர்:
கல்லட்டில வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை இருக்கு, தம்பி. இதுவும் அதுவும் ஒண்ணா? மேட்டுப்பாளையம் ரயில் பாதையில இருக்கற 16 சுரங்கத்தைச் சொல்லியிருந்தாலாவது பொருந்தும்.

கல்லட்டி 36:
சுரங்கத்துல ரயில் தண்டவாளத்து மேல போகுது. வழி தப்ப இடமே இல்லையே. எனக்குச் சொல்ல வந்துட்டீங்க.

கோத்தகிரிக்காரி:
ரெண்டுமே பொருந்தாது. பலகைக்குக் கண் வேணும், தண்டவாளத்துக்கு ஞாபகம் வேண்டாம். அவளுக்குக் கையும் ஞாபகமும் மட்டும்தான். விஷயத்துக்கு வாங்க. ஆறாம் அத்தியாயத்துல, மேல இருக்கற, ஒளிஞ்சு பாக்கற துளை வழியா அவளே அவனுக்கு வழி சொல்றா. அந்த வழி அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் நாலு அத்தியாயத்தைத் தள்ளினவன் பதில் சொல்லட்டும்.

குன்னூர் பாசஞ்சர்:
கதைக்கு வேண்டியதை ஒன்பதாம் அத்தியாயத்துல கெட்டே சொல்லிடறான். அவன் தேடி வந்த உடைஞ்ச வளையத்தோட இன்னொரு பாதி முன்னாடியே அவனுக்கு எங்க கிடைச்சது, மணல்திட்டுல ஒரு கிழவி கொடுத்தது, எல்லாமே. அஞ்சுல ஆரம்பிச்சாலும் ஒண்ணும் குறையாது.

கோத்தகிரிக்காரி:
அது முதல் புத்தகத்து விஷயம். அதைத்தான் திருப்பிச் சொல்றான். கைதிங்களைச் சொல்றானா? தோட்டத்துல கூப்பிட்ட அம்மாவைச் சொல்றானா? போன மாசம் 1972ல வந்த மூணாவதை முதல்ல படிங்கன்னு சொன்னவரும் நீங்கதான். உங்க பேச்சைக் கேட்டு எத்தனை பேர் பாதில விட்டாங்களோ.

குன்னூர் பாசஞ்சர்:
பழசைக் கிளறாதீங்க. மூணாவதுல முதல் அத்தியாயத்துலயே கெட் வந்துடறான், அதான் சொன்னேன். இதுல எப்ப வர்றான்? அஞ்சுல.

கேத்தி வாத்தியார்:
ஜெட்.

கோத்தகிரிக்காரி:
படிக்கப் போற பசங்களுக்கு மட்டும் சொல்றேன். தொடக்கக் காட்சியையும் முதல் ரெண்டு அத்தியாயத்தையும் ஒரே மூச்சுல முடிச்சுடுங்க. அங்க நிறுத்தினா கோசில் யார், தார் யார், மானன் யார்னு குழம்பும். ஒரு தாள்ல மூணு பேரையும் எழுதி, யார் எந்தக் கோயில்னு குறிச்சுக்கோங்க: தார் இரட்டைக் கடவுள், கோசில் தேவராஜா, மானன் ஆர்ஹாவைப் பாத்துக்கறவர். மூணாம் அத்தியாயத்தைப் பகல்ல படிங்க, மனசைப் பிசையும். ஆனா தள்ளாதீங்க.

குன்னூர் பாசஞ்சர்:
தாள் எடுத்துக் குறிப்பெழுதித்தான் ஒரு கதையைப் படிக்கணும்னா, நான் சொன்ன அஞ்சாம் அத்தியாயமே சரி.

கோத்தகிரிக்காரி:
இன்னொரு தடவை அஞ்சுன்னு எழுதினீங்கன்னா, முதல் நாலையும் பத்தி பத்தியா இங்க விளக்கி எழுதுவேன்.

குன்னூர் பாசஞ்சர்:
அஞ்சு.