‘முன்பே’ என்றால் எதற்கு முன்பு?

முனிர்கா முத்து: மயூர் விஹார் மன்னர் நேற்று இங்கே எழுதியது: “2011இல் ஜப்பானில் வந்த டோஹோகு நிலநடுக்கத்துக்கு முன்பே பாறைக்குள் நில அதிர்வு அலைகள் தணியும் அளவு மாறிவிட்டது. இதைக் கவனித்தால் டெல்லிக்கும் முன்கூட்டியே சொல்லலாம்.” எதற்கு முன்பே? பெரியது மார்ச் 11. அதே கடலடியில் மார்ச் 9 அன்றே 7.3 அளவில் ஒன்று வந்துவிட்டது. அது உலுக்கிய பிறகு தெரியும் மாற்றம் முன்பா, பின்பா?

மயூர் விஹார் மன்னர்: 11க்கு முன்பு 9 வரும். எங்கள் வீட்டு நாள்காட்டியில் அப்படித்தான் இருக்கிறது.

கரோல் பாக் அக்கா: தணிவு என்று எதைச் சொல்கிறீர்கள்? அலை வெப்பமாகிக் கரைவதையா, விரிசல்களில் பட்டுச் சிதறுவதையா?

முத்து: அக்கா, அது பிறகு. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? நல்ல பானை கணீரென்று நின்று ஒலிக்கும். கீறல் பானையில் ஓசை சட்டென்று அடங்கும். பெரிய அதிர்வு பாறையில் விரிசலைத் திறக்கிறது, நீர் இடம் மாறுகிறது, தணிவு கூடுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும். இது ‘பின்பு’. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ‘முன்பு’ என்று சொல்ல, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சிற்றதிர்வுகளை ஒப்பிட வேண்டும். மார்ச் 9க்குப் பிறகு சிற்றதிர்வுகளே நகர்ந்தன. மாறியது பாறையா, அலை வந்த பாதையா? நாள்காட்டி சொல்லுமா?

மன்னர்: பானை வியாபாரிக்குப் புவியியல் எதற்கு? போன பொங்கல் விழாக் கணக்கையே நீங்கள் இன்னும் காட்டவில்லை.

முத்து: கணக்கை வாசித்தபோது நீங்கள் சர்க்கரைப் பொங்கல் வரிசையில் மூன்றாவது முறையாக நின்றீர்கள்.

துவாரகா தம்பி: 2025 பிப்ரவரி 17 விடியற்காலையில் எங்கள் சமையலறையில் கரண்டிகள் ஒன்றோடொன்று மோதின. டெல்லியிலேயே தௌலா குவான் பக்கம் வந்த நிலநடுக்கம், 4.0தான். அதையும் முன்பே சொல்லியிருக்கலாமா?

முத்து: ஜப்பானுக்கு அடியில் கடல்தட்டு, அதாவது கடலுக்கு அடியில் உள்ள பூமியின் மேலோட்டுப் பாளம், ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் செருகுகிறது. டெல்லிக்கு அடியில் எந்தக் கடல்தட்டு செருகுகிறது, யமுனையா?

மன்னர்: பேச்சை மாற்றாதீர்கள். 9, 11க்கு முன்பா இல்லையா?

முத்து: 9க்குப் பின்பு.

அக்கா: நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

மன்னர்: முன்புதான்.